சுவிட்சில் மதினி கட்டிய துணி

அந்தச் சிவப்புத் துணி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அண்ணன் வீட்டுக்குப் பின்னால், மீன் தொட்டியை ஒட்டிய தகரக் கொட்டகையின் சுவரில் ஓர் இரும்புச் சுவிட்சுப் பெட்டி. அதன் கைப்பிடியைச் சுற்றி மதினி இறுக்கி முடிச்சுப் போட்ட துணி அது. பழைய சேலைக் கரையிலிருந்து கிழித்தது. வெயிலில் வெளுத்துவிட்டதால், சிவப்பு என்று சொன்னால் புதிதாகப் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். அங்கே போகும்போதெல்லாம் நல்ல துணியாக ஒன்றை எடுத்துப்போய் மாற்றிக் கட்ட வேண்டும் என்று நினைப்பேன். கைப்பையில் எடுத்தும் வைப்பேன். அங்கே போய் நின்றதும், மாற்றுவது சரிதானா என்று தோன்றிவிடும். துணியைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவேன். எதையும் பலமுறை யோசித்த பிறகும் தீராமல் நிற்கிறவள் நான். மதினி அப்படி இல்லை. அவருக்குக் கை முந்தும். யோசனை பிறகுதான் வரும்.

ஆனைக்குட்டம் பக்கத்தில் எங்கள் ஊர். தாத்தா காலத்தில் பிறர் நிலத்தில் கூலி வேலை. அப்பா காலத்திலிருந்து பட்டாசுக் கம்பெனி. எங்கள் வீட்டில் படித்து வேலைக்குப் போனவள் நான் ஒருத்திதான். ஆமத்தூரில் கல்யாணமாகி, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். மதினி என் அண்ணன் மனைவி. கம்பி மத்தாப்புக் கம்பெனி ஒன்றில் பெட்டி ஒட்டும் பகுதியில் வேலை பார்த்தார். அந்த அறையில் மெயின் சுவிட்சுக்கு அடியில் இருக்கும் இடம் அவருடையது. இடி இடித்தாலோ, சுற்றுவட்டாரத்தில் எங்காவது வெடிச் சத்தம் கேட்டாலோ, கரண்டுப் பொறி பட்டாசு மருந்தில் பட்டுவிடாமல் முதலில் எழுந்து கைப்பிடியை இறக்குவது அவர்தான். அதற்குப் பிறகு எல்லோரும் வெளியே ஓடுவார்கள். யாரும் அவருக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்ததால் வந்து சேர்ந்த வேலை. வீட்டிலும் அதே பழக்கம்தான். வானத்தில் லேசாக உறுமல் கேட்டால் போதும், பேசிக்கொண்டிருந்த வாயை மூடாமலே எழுந்துபோய் மெயினை அணைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பேசுவார். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் மதினியின் வீடுதான் முதலில் இருட்டாகும்.

அண்ணன் வேறொரு கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் இருந்தான். அலுமினியத் தூள் படிந்து படிந்து அவன் நகக்கண்கள் வெள்ளி நிறமாகியிருந்தன. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது. மதினி அதைப் பற்றிச் சிரித்துக்கொண்டேதான் பேசுவார். "பாரு புள்ள, உங்க அண்ணன் தின்னுற சோத்துல வெள்ளி மின்னுது. ராசா வீட்டுல கூட இப்படித் திங்க மாட்டாக," என்பார். அண்ணன் தலையை நிமிர்த்தாமல் சாப்பிடுவான். அவன் கை கழுவப் போனதும் மதினியின் சிரிப்பு இருந்த இடம் தெரியாது. "அந்த ரூமை விட்டு இவரை வெளிய இழுத்துப் போட்டுட்டேன்னா போதும். பெறகு நான் சும்மா கெடப்பேன்," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வார். மதினி ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். வேறு எதையும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

மீன் வளர்க்க அரசாங்கம் மானியம் தருகிறது என்ற அறிவிப்பை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த செய்தித்தாளில் பார்த்தேன். கொஞ்சத் தண்ணீரில், தார்ப்பாய்த் தொட்டியில், புதிய முறையில் நெருக்கமாக மீன் வளர்ப்பது. குளமோ ஆறோ வேண்டியதில்லை. பெண்கள் பெயரில் கேட்டால் மானியம் கூடுதல். கடற்கரைக்காரர்களுக்குத்தானே மீன், வானம் பார்த்த எங்கள் பூமிக்கு இது எதற்கு என்று எனக்குச் சந்தேகம். சொல்வதா வேண்டாமா என்று சில நாள் கையிலேயே வைத்திருந்தேன். கடைசியில் மதினியிடம் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்கக்கூட இல்லை. "டீச்சரம்மா, இத எங்க போயி எழுதிக் குடுக்கணும்? அத மட்டும் சொல்லு," என்றார்.

அண்ணனும் மதினியும் பயிற்சிக்கு விருதுநகர் போய் வந்தார்கள். அதன் பிறகு மீன்வளத் துறையிலிருந்து ஓர் அம்மா இடத்தைப் பார்க்க வந்தார். நானும் அன்று இருந்தேன். தொட்டி எங்கே வரும், கழிவுத் தண்ணீர் எங்கே போகும், அதை முருங்கைக்கும் கீரைக்கும் எப்படிப் பாய்ச்சலாம் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு முக்கியமானது இதுதான் என்று சொல்லி, காற்று பம்பைப் பற்றிச் சொன்னார். இவ்வளவு நெருக்கமாக மீன் இருக்கும்போது தண்ணீருக்குள் காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் நின்றாலும் எல்லாம் மூச்சு முட்டிச் செத்துவிடும். அதனால்தான் கரண்டு போனாலும் ஓடுவதற்குத் திட்டத்திலேயே பேட்டரியும் சேர்த்துத் தருகிறோம் என்றார்.

மதினி மோவாயில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏம் மேடம், கம்பெனில அணைச்சாத்தான் உசுருங்காக. நீங்க அணைச்சா உசுரு போயிரும்ங்கிறீக. இந்த ஒரு கைய வச்சுக்கிட்டு நான் எந்தப் பேச்சக் கேக்க?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தான். நானும்தான் சிரித்தேன்.

தொட்டி வந்தது. நீலத் தார்ப்பாய், வட்டமாக, என் மார்பளவு உயரம். வீட்டு முன்னால் திட்டத்தின் பெயரோடு ஒரு பலகை நட்டார்கள். அதில் 'பயனாளி' என்று எழுதி, அதற்கு எதிரில் மதினியின் பெயர். மதினிக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. "பயனாளி வந்திருக்கேன், கதவத் தொறங்க," என்று அண்ணனைக் கூப்பிடுவார். குஞ்சு விட்ட பிறகு தொட்டித் தண்ணீரில் வெல்லம் கரைத்து ஊற்ற வேண்டும். அதில் வளரும் நுண்ணுயிர்கள்தான் மீன் கழிவைத் தின்று தண்ணீரைக் கெடாமல் வைத்திருக்கும், மீனுக்கும் இரையாகும். விட்டது ஜிலேபிக் கெண்டை. பக்கத்து வீட்டு மாமாவுக்கு இது போதுமானதாக இருந்தது. "ஏலே, உன் பொண்டாட்டி ஜிலேபிக்கு வெல்லம் ஊத்துதாலே. அடுத்து மிச்சருக்குக் காரம் போடுவா," என்று சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து அண்ணனிடம் சொல்வார். மதினி விடமாட்டார். "சிரிங்க மாமா, சிரிங்க. ஞாயித்துக்கெளமை பாத்திரத்தத் தூக்கிக்கிட்டு இங்கனதான் வரணும். அப்ப நான் முள்ள மட்டும் போடுதேன்."

என் மகள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். பள்ளிக்கூடம் போகும்போது அவளை மதினியிடம் விட்டுவிட்டுப் போவேன். தொட்டி வந்ததிலிருந்து மதினி கம்பெனி வேலையை விட்டு வீட்டில் இருந்தது எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனாலும் எனக்குப் பயம். தொட்டி ஓரம் செங்கல் கிடந்தால் அதன்மேல் ஏறிவிடுவாளோ, எட்டிப் பார்ப்பாளோ, தலைகுப்புற விழுவாளோ என்று வகுப்பில் பாடம் நடத்தும்போதே நினைப்பு ஓடும். இடைவேளையில் மதினிக்குப் போன் செய்து தொட்டிப் பக்கம் ஏதாவது கிடக்கிறதா என்று கேட்பேன். "ஒண்ணும் கெடக்கல. ஒம் மக என் இடுப்புல கெடக்கா. மீனுக்கு இரை போட்டுக்கிட்டுருக்கோம் ரெண்டு பேரும். போனை வை, பிள்ளைகளுக்குப் பாடத்தச் சொல்லிக் குடு," என்பார். ஊரே நெருப்புக்குப் பயந்துகொண்டிருந்தபோது நான் ஒருத்தி தண்ணீருக்குப் பயந்தேன்.

மீன்கள் வளர்ந்தன. கருப்பட்டிக் காப்பி நிறத் தண்ணீருக்குள் ஒன்றும் தெரியாது. இரையைத் தூவினால் மட்டும் தொட்டி முழுக்கக் கொதிப்பதுபோல் இருக்கும். பம்பின் இரைச்சல் அந்த வீட்டின் மூச்சாக ஆகிவிட்டது. முதல் பிடிப்புக்கு நாள் பார்த்தாயிற்று. அதை விற்று, அடுத்த குஞ்சும் விட்ட பிறகு அண்ணன் கம்பெனிக்குப் போக மாட்டான் என்று பேச்சு. போர்மேனிடமும் சொல்லிவிட்டான். அந்த வாரம் மதினி நடந்த நடையே வேறு.

அதற்கு முன்னால் ஒரு மத்தியானம் அந்தச் சத்தம் கேட்டது. நான் வகுப்பில் இருந்தேன். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எங்கள் பகுதிப் பிள்ளைகள் அழுவதில்லை. எந்தத் திசை என்று பார்ப்பார்கள். அண்ணன் வேலை பார்க்கும் திசை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அவனைக் கூப்பிட வழி இல்லை. மதினியைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அண்ணனை நினைத்தேனா, மகளை நினைத்தேனா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். சத்தம் கேட்டபோது மதினி கொட்டகையில் நின்றிருக்கிறார். ஒரு கையில் என் மகள். மற்றக் கை தானாக மேலே போய்ச் சுவிட்சின் கைப்பிடியை இறக்கியிருக்கிறது. பிறகு, இடுப்பில் குழந்தையோடு அண்ணனின் கம்பெனியைப் பார்த்து ஓடியிருக்கிறார். போன் கொட்டகையிலேயே கிடந்திருக்கிறது. வெடித்தது அண்ணனின் கம்பெனி அல்ல. அதைத் தாண்டி வேறெங்கோ. கேட்டில் கூட்டத்தோடு நின்று, அண்ணன் வெளியே வருவதைக் கண்ணால் பார்த்து, அவனோடு சேர்ந்து நடந்து வந்திருக்கிறார். வீட்டை நெருங்கும்போதுதான் பம்பு சத்தம் இல்லை என்பது காதில் பட்டிருக்கிறது. கரண்டு நின்றாலும் பம்பு ஓட எல்லா ஏற்பாடும் செய்திருந்தார்கள். பேட்டரி முழுச் சார்ஜோடு அங்கேயே இருந்தது. பேட்டரிக்கும் தொட்டிக்கும் நடுவில் இருந்த கைப்பிடியை ஒருவர் தன் கையால் இறக்குவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மதினி தொட்டிக்குள் நின்றுகொண்டிருந்தார். சேலை முழுக்க நனைந்து, மார்பளவுத் தண்ணீரில், ஒரு குடத்தால் தண்ணீரை மொண்டு தலைக்கு மேலே தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தார். மொள்வதும் ஊற்றுவதும். அப்படி ஊற்றினால் தண்ணீருக்குள் காற்று போகும் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். பம்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குமிழிகள் வந்துகொண்டுதான் இருந்தன. அவரைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக வயிற்றைக் காட்டிக்கொண்டு மீன்கள் மிதந்தன. அவர் ஊற்றும் தண்ணீரில் அவை அசைந்ததைப் பார்த்து, ஒரு நொடி உயிர் இருக்கிறது என்றே நினைத்தேன். என் மகள் பக்கத்து வீட்டு மாமாவின் தோளில் இருந்தாள்.

அண்ணன் கரையில் நின்று, "போதும், வெளிய வா," என்று கை நீட்டினான். மதினி குடத்தை விட்டுவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க வந்துட்டீக, இதுக போயிருச்சு. ரெண்டையும் சேத்துக் கேட்டா சாமி குடுக்காதுபோல," என்றார். பிறகு அந்தக் கையைத் தண்ணீருக்கு வெளியே எடுத்து, யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மறுநாள்தான் அந்தத் துணியைக் கட்டினார். சேலைக் கரையைக் கிழித்து, கைப்பிடியில் சுற்றிச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சை இறுக்கினார். "கை மறந்துரும் புள்ள. அது மேல போறப்ப துணி தட்டுப்பட்டா நின்னுரும்," என்றார். மீன்வளத் துறை அம்மா வந்து பார்த்தார். திட்டவில்லை. "முதல் தடவை பலருக்கும் இப்படி ஆகிறது. மறுபடி குஞ்சு விட ஏற்பாடு செய்கிறேன். கொஞ்ச காலம் ஆகும், விட்டுவிடாதீர்கள்," என்று சொல்லி மதினியின் தோளைத் தொட்டார். அவர் சொன்னபடியே செய்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அந்தக் கொஞ்ச காலத்துக்குள் தீபாவளி சீசன் வந்துவிட்டது. கம்பெனிகளில் ஆர்டர் குவிந்தது. அண்ணன் மருந்து அறைக்கே திரும்பப் போனான். இரைக்கும் செலவுக்கும் ஆகட்டும் என்று மதினியும் பழைய கம்பெனிக்குக் கிளம்பினார். அண்ணன் வேண்டாம் என்றான். நானும் சொன்னேன். "நீங்க மருந்துக்குள்ள உக்காந்திருக்கீக. நான் அட்டைப் பெட்டி ஒட்டப் போறேன். எனக்கு என்ன ஆயிரப்போகுது, பசை ஒட்டிக்கிடும், அம்புட்டுத்தான். இந்த ஒரு சீசன். பெறகு ரெண்டு பேரும் மீனுக்கு வேலக்காரங்க," என்றார். பழைய இடமே அவருக்குக் கிடைத்தது. சுவிட்சுக்கு அடியில்.

அதற்கு மேல் எழுதுவதற்கு என்னிடம் அதிகம் இல்லை. நான் அங்கே இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் துக்கத்துக்கு வந்தபோது சொன்னதுதான். பக்கத்து அறையில் ஏதோ தீப்பிடித்திருக்கிறது. சத்தம் கேட்டதும் எல்லோரும் எழுந்து கதவுக்கு ஓடியிருக்கிறார்கள். "அக்காவும் எங்க கூடத்தான் எந்திரிச்சாக. ஆனா அவுக கதவுப் பக்கம் வரல. சுவிட்சுக்குத் திரும்பிட்டாக," என்று ஒரு பெண் சொல்லி அழுதாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் விரல் நகங்களில் வெள்ளி அப்படியே இருந்தது.

மீன்கள் செத்த பிறகு நாங்கள் எல்லோரும் மதினியிடம், அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று மாறி மாறிச் சொன்னோம். அவரும் விடப் பார்த்தார். விட்டிருந்தால் என்று ஒரு நேரம் நினைப்பேன். உடனே, அவர் கைப்பிடியை இறக்கியதால்தான் தீ மற்ற அறைகளுக்குப் போகவில்லையோ என்றும் தோன்றும். அப்படி யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொள்வது. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கம்பெனிச் சுவிட்சில் துணி எதுவும் கட்டியிருக்கவில்லை என்பது மட்டும்தான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

காரியம் முடிந்த சில நாட்களில் துறையின் வண்டி வந்தது. காற்று அடைத்துக் கட்டிய பாலிதீன் பைகளில் மீன்குஞ்சுகள். புதிதாக வேலைக்கு வந்த ஓர் ஆள் இறங்கி, பலகையைப் பார்த்து மதினியின் பெயரைச் சத்தமாகப் படித்து, "பயனாளி யாரு? வந்து வாங்கிக்கோங்க," என்றார். எங்கள் வாசலில் அந்தப் பெயரை அப்படிச் சத்தமாக யாரும் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவர் மதினி, அத்தை, அக்கா. அண்ணன் எழுந்து போய், "குடுங்க," என்று பைகளை வாங்கினான். ஒவ்வொரு பையாகத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, வாயை அவிழ்த்துவிட்டான். மதினியின் பக்கத்தில் நின்று அவன் பார்த்துப் பழகிய முறை அது.

அதன் பிறகு அண்ணன் கம்பெனிக்குப் போகவில்லை. மீன்கள் பிழைத்தன. முதல் பிடிப்பு அன்று பக்கத்து வீட்டு மாமா பாத்திரத்தோடு வந்து நின்றார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே வாங்கிப் போனார். இப்போது அண்ணன் இன்னொரு தொட்டியும் போட்டிருக்கிறான். அரசாங்கக் காரில் வந்து பார்க்கிறார்கள், புதிதாகத் தொடங்குகிறவர்களை அழைத்துவந்து காட்டுகிறார்கள். அண்ணன் பேசமாட்டான். தொட்டியைக் காட்டுவான், பம்பைக் காட்டுவான், துணியைக் காட்டி, "இதத் தொடாதீக," என்பான். வாசல் பலகையில் பெயரை மாற்றி எழுதலாம் என்று ஒருவர் சொன்னதற்கு, அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டான். அவன் நகங்களில் வெள்ளி போய்விட்டது. எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. போன தடவை அவனுக்குச் சோறு போட்டபோதுதான் கவனித்தேன். சாதாரண நகம், எல்லோருக்கும் இருப்பதுபோல. மதினி இருந்திருந்தால் அன்று என்ன சொல்லிச் சிரித்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

போன வாரம் பள்ளிக்கு மழை விடுமுறை விட்டிருந்தார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் இப்போது எல்கேஜி. அத்தையின் இடுப்பில் இருந்ததெல்லாம் அவளுக்கு நினைவில்லை. சாயங்காலம் கொட்டகையில் அண்ணன் இரை அளந்துகொண்டிருந்தான். என் கைப்பையில் வழக்கம்போல ஒரு புதுத் துணி இருந்தது. வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்து, முதல் இடி விழுந்தது. தெருவில் சுவிட்சுகளை இறக்கும் சத்தம் வீடு வீடாகக் கேட்டது. ஒவ்வொரு ஜன்னலாக இருண்டது. எங்கள் பம்பு மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"மாமா, நம்ம வீட்டுல ஏன் அணைக்கல?" என்று மகள் கேட்டாள்.

"அத்தை அணைக்கக் கூடாதுன்னு கட்டிவச்சிருக்கா தாயி," என்றான் அண்ணன், இரைப் பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த இடி தலைக்கு மேலேயே இடித்தது. மகளை எப்போது தூக்கினேன் என்று தெரியவில்லை. அவள் என் இடுப்பில் இருந்தாள். என் மற்றக் கை சுவரில் மேலே போயிருந்தது. நானும் அந்தத் தெருவில் பிறந்தவள்தானே. விரல்களில் வெளுத்த துணி தட்டுப்பட்டது. பல்லால் கடித்து இறுக்கிய முடிச்சு, கல்போலக் கெட்டியாக. கை நின்றது. மழை இறங்கி, இடி ஓய்ந்து, தெருவில் ஒவ்வொரு வீடாக வெளிச்சம் வரும்வரை நான் அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.